வால்வெள்ளியும் பால்மானியும்: கடல்நீரின் பிறப்பிடம் பற்றிய ஒரு வாதத்தை வகுப்பில் சோதித்த நிகழ்வு

பின்னணி

இது 2024இல் நடந்தது. இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் மலையேறிப் போகவேண்டிய ஒரு தமிழ்மொழிப் பாடசாலை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு அங்கே தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகின்றன. நான் இரசாயனவியல் கற்பிக்கிறேன். பிள்ளைகளின் பெயர், பாடசாலை, தோட்டம் எதையும் எழுதவில்லை. மற்றதெல்லாம் நடந்தபடி.

ஒக்டோபரில் பல பாடசாலைகள் சேர்ந்து நடத்தும் விஞ்ஞான தினம் ஒன்றுக்கு எங்கள் 12ஆம் தரத்திலிருந்து மூவர் பெயர் கொடுத்தார்கள். ஒரு மாணவன், இரண்டு மாணவிகள். மாணவன் பேச்சில் கெட்டிக்காரன். எதையும் முடிவோடு தொடங்குவான். முதல் மாணவியின் அம்மா கொழுந்து எடுக்கிறார். வீட்டில் ஒரு பசு இருக்கிறது, பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கிறார்கள். இரண்டாம் மாணவியின் அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில் உலர்த்தும் இயந்திரத்தில் வேலை. இந்த இரண்டு வீட்டு விபரங்களையும் சும்மா சொல்லவில்லை. வாதத்தைப் பிரித்துப் பார்க்க உதவியவை அவைதான்.

மூவரும் எடுத்த தலைப்பு: “பூமியின் கடல் வால்வெள்ளிகளிலிருந்து வந்தது.” கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகள் ஒரு முழு நாள் பிரயாணம் போகவேண்டும், மூவரில் ஒருத்தி அதுவரை கடலைப் பார்த்ததேயில்லை. தலைப்பைத் தெரிவு செய்ய அது காரணமாக இருந்திருக்கலாம். கேட்டபோது சிரித்தாளே தவிரப் பதில் சொல்லவில்லை.

வந்த வாதம்

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது மாரியம்மன் கோயிலுக்கு மேலேயுள்ள படிக்கட்டில் மட்டும். மாணவன் அங்கே உட்கார்ந்து ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு டிமைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தான். சுருக்கம் இதுதான்.

பூமி உருவானபோது உருகிய பாறைக் குழம்பாக இருந்தது. அந்தச் சூட்டில் நீர் தங்கியிருக்க முடியாது. ஆகவே நீர் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வால்வெள்ளிகளில் பனிக்கட்டி நிறைய உண்டு. சுமார் 390 கோடி வருடங்களுக்கு முன் பூமியையும் சந்திரனையும் ஏராளமான பொருட்கள் மோதின. கடல்நீரில் பத்து இலட்சம் ஐதரசன் அணுக்களுக்கு 156 பார ஐதரசன், அதாவது டியூட்டீரியம் (சாதாரண ஐதரசனைப்போல இரண்டு மடங்கு எடையுள்ள அணு). 2010இல் ஹெர்ஷல் விண்தொலைநோக்கி ஹார்ட்லி 2 என்ற வால்வெள்ளியை அளந்தபோது அதில் 161. இரண்டும் ஒன்றே. ஆகவே கடல் வால்வெள்ளியிலிருந்து வந்தது.

நான் வாசித்தேன். 156, 161 என்ற இரண்டு எண்களையும் பார்த்ததும் திருப்தியாகிவிட்டது. “நல்லா இருக்கு தம்பி” என்று சொல்லி விண்ணப்பத்தில் கையொப்பமும் வைத்தேன். இந்த நிகழ்வில் முதல் பிழை என்னுடையது என்பதை இங்கேயே பதிந்துவிடுகிறேன். ஒரு கணக்கின் விடை புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப்போனால் வழியைப் பார்க்காமல் சரி போடும் பழக்கம் ஆசிரியர்களுக்கு உண்டு. அன்று நான் செய்தது அதுதான்.

கவனித்தவை

இரண்டு நாள் கழித்து ஒத்திகை பார்த்தோம். இரண்டாம் மாணவி கேட்ட ஒரு கேள்வியில் தாள் ஆடத் தொடங்கியது. “சேர், மற்ற வால்வெள்ளியெல்லாம் எவ்வளவு?”

தேடிப் பார்த்தோம். 1986இல் ஜியோட்டோ விண்கலம் ஹாலி வால்வெள்ளிக்கு அருகே போய் அளந்தது. அங்கே கடலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1996இல் வந்த ஹயாகுடாகே, 1997இல் வந்த ஹேல்-பாப் இரண்டிலும் அப்படியே, 300ஐ ஒட்டிய எண்கள். 2014இல் ரொசெட்டா விண்கலம் 67பி வால்வெள்ளியில் அளந்தபோது 530. கடலைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

ஐந்து அளவீட்டில் ஒன்றை மட்டும் எடுத்து வாதம் கட்டப்பட்டிருந்தது. மாணவன் ஒளித்தான் என்று நான் நினைக்கவில்லை. அவன் பார்த்த காணொளி ஹார்ட்லி 2ஐ மட்டும் பேசியது. அவனுக்குத் தெரிந்ததும் அது மட்டும். ஆனால் ஐந்து எண்களையும் பலகையில் எழுதியபிறகும் அவன் அசையவில்லை. “ஒன்று பொருந்தினாப் போதும்தானே சேர்? அந்த மாதிரி வால்வெள்ளிதான் வந்திருக்கும்.”

இது முட்டாள்தனமான பதில் அல்ல. ஹார்ட்லி 2 முடிவு வெளிவந்தபோது விஞ்ஞானிகளுக்கும் உற்சாகம் தந்தது இதே நினைப்புத்தான். எனவே “பிழை” என்று சொல்லி அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

தலைப்பை மாற்றுவதா, நானே திருத்திக் கொடுப்பதா, அவர்களையே சோதிக்கவிடுவதா என்று மூன்று வழி இருந்தது. விஞ்ஞான தினத்துக்கு ஏழு வாரம் இருந்ததால் மூன்றாவதை எடுத்தேன். ஒரு வாரம்தான் இருந்திருந்தால் நானும் திருத்திக் கொடுத்திருப்பேன்.

முதல் வேலை, வாதத்தைப் பத்தியாக எழுதாமல் வரிக்கு ஒரு கூற்றாக எழுதவைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் “எப்படித் தெரியும்?”, “இது பிழையென்றால் என்ன தெரிந்திருக்கும்?” என்று இரண்டு நிரல்.

இரண்டாவது, தங்கள் வாதத்தைத் தொடுமுன் முடிந்துபோன வேறொரு வழக்கில் கைபழகச் செய்தேன். சொந்தப் பிள்ளையின் குறை கண்ணில் படாது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் குறை படும்.

அந்த வழக்கு 1986இல் தொடங்கியது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஃபிராங்க் என்ற பௌதிகவியலாளர், செய்மதி எடுத்த புறஊதாப் படங்களில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளைக் கண்டார். வீடளவான பனிக்கட்டி வால்வெள்ளிகள் மேல்வளிமண்டலத்தில் விழுந்து நீராவியாவதால் வரும் புள்ளிகள் அவை என்றார். நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபது. கடலே இப்படித்தான் சேர்ந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொன்னேன். நிமிடத்துக்கு 20 என்றால் வருடத்துக்கு ஒரு கோடியே ஐந்து இலட்சம். ஒன்றின் எடை 20 முதல் 40 தொன் என்று பின்னர் சொல்லப்பட்டது. நடுவே 30 தொன் எடுத்தோம். பூமியின் வயது 450 கோடி வருடம். பெருக்கினால் 1.4 × 10²¹ கிலோகிராம். கடல்நீரின் மொத்தத் திணிவும் 1.4 × 10²¹ கிலோகிராம்தான்.

வகுப்பு ஒரு நிமிடம் பேசவில்லை. மாணவன் கல்குலேட்டரை மீண்டும் தட்டினான். அதே விடை. “சேர், அப்ப இது உண்மையா?”

அதற்குப் பிறகுதான் மறுபக்கத்தைக் கொடுத்தேன். அப்பலோ பயணங்களில் சந்திரனில் வைத்த நிலநடுக்கமானிகள் 1977 வரை வேலை செய்தன. நிமிடத்துக்கு இருபது பூமியில் விழுந்தால் சந்திரனிலும் ஓயாமல் விழவேண்டும், அந்த அதிர்வுகள் பதியவேயில்லை. பின்னர் போலர் என்ற செய்மதியின் படங்களை ஆராய்ந்தவர்கள், செய்மதி உயரத்தில் இருந்தாலும் தாழ்ந்து வந்தாலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் அளவும் மாறவில்லை என்று கண்டார்கள். உண்மையான பொருளென்றால் மாறவேண்டும். கெமராவை அனுப்புமுன் ஆய்வுகூடத்தில் எடுத்த சோதனைப் படங்களிலும் அதேபோன்ற புள்ளிகள் இருந்தன. புள்ளிகள் வானத்தில் இல்லை, கருவியில்தான் இருந்தன என்பதே பெரும்பாலோரின் முடிவு.

பெருக்கல் சரி. விடை கடலோடு ஒத்துப்போனது. ஆனால் விழுந்ததாகச் சொன்ன பொருள் ஒன்றே இல்லை. முதல் மாணவி கொப்பியில் எழுதிக்கொண்டது: “கணக்கு சரி, கதை பிழை.”

பால் நிலையத்திலிருந்து வந்த பதில்

மறுவாரம் அவர்களின் சொந்த வாதத்துக்குத் திரும்பினோம். “156உம் 161உம் ஒன்று, ஆகவே அங்கிருந்துதான் வந்தது” என்ற வரியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பிழை இருப்பது புரிகிறது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே அதை நல்ல தமிழில் சொல்ல வாய்க்கவில்லை.

பேசியது முதல் மாணவி. விடிய ஐந்தரைக்குப் பசுவைக் கறந்து, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் பதிவதற்கு) நேரமாகுமுன் அம்மா பாலைக் கொண்டுபோவார். அம்மாவுக்கு முடியாத நாளில் இவள். நிலையத்தில் இருப்பவர் கேனுக்குள் கலக்கியை விட்டு மேலும் கீழும் நாலைந்து தரம் கலக்குவார். கண்ணாடிக் குழாயில் பாலை ஊற்றி, பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியை விடுவார். அது கொஞ்சம் ஆடி நிற்கும். நுரையை ஊதி விலக்கிவிட்டுப் பால்மட்டத்தில் எண்ணைப் பார்ப்பார். நல்ல பால் 28க்கும் 32க்கும் இடையில் நிற்கும். தண்ணீர் கலந்தால் இறங்கும்.

“ஆனா சேர், மீட்டர் சரியா நின்னதுக்காகப் பால் சரின்னு சொல்ல முடியாது. ராத்திரி வச்ச பால்ல ஆடைய வழிச்சு எடுத்துட்டா மீட்டர் ஏறும். அதுக்கு அளவாத் தண்ணி ஊத்தினா மறுபடி 30க்கு இறங்கிரும். எங்க அம்மா செய்யமாட்டாங்க. ஆனா எப்படிச் செய்வாங்கன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் கொழுப்பையும் தனியாப் பாக்குறாங்க.”

இதைவிடத் தெளிவாக இந்த விடயத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. கொழுப்பு எடுத்தால் அடர்த்தி கூடும், தண்ணீர் சேர்த்தால் குறையும்; இரண்டும் சேர்ந்து முதல் எண்ணையே தரும். 30 என்ற எண்ணுக்கு ஒரே ஒரு வழி அல்ல.

உடனே பலகைக்குப் போனோம். சூரியன் பிறந்த ஆதி வாயு முகிலில் பார ஐதரசன் பத்து இலட்சத்துக்கு 21 அளவு. காபன் செறிந்த விண்கற்களில், அதாவது சிறுகோள்களிலிருந்து வந்த கற்களில், 140ஐ ஒட்டி. 67பியில் 530. இப்போது கலந்து பாருங்கள் என்றேன். விண்கல் நீர் 96 பங்கு, 67பி மாதிரி நீர் 4 பங்கு: 156. ஆதி வாயு 73.5 பங்கு, 67பி நீர் 26.5 பங்கு: அதுவும் 156. முதலாவதில் வால்வெள்ளியின் பங்கு சொற்பம். இரண்டாவதில் நாலில் ஒன்றுக்கும் மேல். கடலைத் தொட்டுப் பார்த்து எதுவென்று அந்த ஓர் எண்ணால் சொல்ல முடியாது. ஹார்ட்லி 2இன் 161 சொல்வது “இப்படியும் வந்திருக்கலாம்” என்பதை மட்டும்தான். மாணவன் இதை ஒத்துக்கொள்ள இரண்டு நாள் எடுத்தான்.

கொழுப்பைத் தனியே பார்ப்பதுபோல இரண்டாவது சாட்சி ஒன்று உண்டா என்று தேடினோம். உண்டு: செனன் வாயு. நீரோடு சேர்ந்து வரும், எதனோடும் எளிதில் தாக்கம் புரியாது. 67பியில் ரொசெட்டா அளந்த செனனின் சமதானிகளை (ஒரே மூலகத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை) வைத்து 2017இல் வெளியான ஆய்வு, பூமியின் வளிமண்டலச் செனனில் சுமார் 22 வீதம் வால்வெள்ளிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று காட்டியது. கேட்டதும் மாணவன் எழுந்தேவிட்டான். ஆனால் வால்வெள்ளிப் பனியில் இப்படிப்பட்ட வாயுக்கள் மிகச் செறிவாக இருக்கின்றன. அவ்வளவு செனனைக் கொண்டுவரக் கொஞ்சப் பனியே போதும். அந்தப் பனியால் கடலில் மிகச் சிறிய பங்கே நிரம்பும். வால்வெள்ளிகள் வந்தன என்பதற்கான சாட்சியே, அவை கடலை நிரப்பவில்லை என்பதற்கும் சாட்சியாகிறது. இந்த இடம் மூவருக்கும் மிகவும் பிடித்தது. எனக்கும்தான்.

“சூட்டில் நீர் தங்காது” என்ற முதல் வரி

வாதத்தின் அத்திவாரமே இந்த வரி. அதை யாரும் சந்தேகிக்கவில்லை, நான் உட்பட. இரண்டாம் மாணவியின் அப்பா அனுமதி வாங்கிக் கொடுத்ததால் ஒரு சனிக்கிழமை ஸ்டோருக்குப் போனோம். நூறு கிலோ பச்சைக் கொழுந்து வாட்டி, அரைத்து, உலர்த்தி வெளியே வரும்போது இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோதான் தூள். உலர்த்தியின் வாயில் விழும் தூளை அவர் கையிலெடுத்து நசுக்கிக் காட்டினார்; பொடிந்து உதிர்ந்தது. “காய்ஞ்சிருச்சுன்னு நெனைக்கிறீங்க. இதுக்குள்ள இன்னும் நூத்துக்கு மூணு தண்ணி இருக்கு” என்றார்.

திரும்பி வரும் வழியில் இரண்டாம் மாணவி ஒரு வகுத்தல் செய்தாள். பூமியின் திணிவு 5.97 × 10²⁴ கிலோகிராம், கடல் 1.4 × 10²¹. நூற்றுக்கு 0.023. அப்பா நசுக்கிய தேயிலைத் தூள், கடலையும் சேர்த்த பூமியைவிட நூறு மடங்குக்கு மேல் ஈரமானது. பூமிக்கு எவ்வளவு நீர் தேவை என்ற கேள்வியே அதோடு மாறிவிட்டது. கடலைப் பார்த்து மலைக்கிறோம்; ஆனால் பாறைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்ப ஐதரசனே அதற்குப் போதும்.

அப்படி ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா? பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த வைரம் ஒன்றினுள் ரிங்வுடைற் என்ற கனியம் சிக்கியிருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் திணிவில் ஏறக்குறைய 1.5 வீதம் நீர், திரவமாக அல்ல, பளிங்கமைப்புக்குள் கட்டுண்டு. அது உருவாகும் ஆழம் ஏறக்குறைய 520 கிலோமீற்றருக்கும் 660 கிலோமீற்றருக்கும் இடைப்பட்டது. 2020இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் என்ஸ்ரடைற் விண்கற்களை அளந்தார்கள். பூமி எந்தப் பொருளால் கட்டப்பட்டதோ அதற்கு மிக நெருங்கிய கற்கள் அவை. அதுவரை உலர்ந்தவை என்று ஒதுக்கப்பட்டவை. அவற்றின் ஐதரசனை வைத்துப் பார்த்தால் கடலைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு நீருக்கு இடமிருந்தது. பார ஐதரசன் விகிதமும் பூமிக்கு அருகே வந்தது. அதாவது கடலின் பெரும்பகுதி வெளியிலிருந்து வரவே தேவையில்லாமல் இருக்கலாம்.

காலக்கணக்கிலும் ஓட்டை இருந்தது. அவுஸ்திரேலியாவின் மேற்கே ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, சேர்கன் என்ற கனியத்தின் மணிகளில் மிகப் பழையது 440 கோடி வருடத்தது. (இரத்தினபுரியில் கழுவியெடுக்கும் நம்மூர்ச் சேர்கனுக்கு வயது 56 கோடி அளவுதான்.) அந்தப் பழைய மணிகளின் ஒட்சிசன் சமதானிகள், அப்போதே மேற்பரப்பில் திரவ நீர் இருந்ததைக் காட்டுகின்றன என்பது 2001 முதல் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். எங்கள் தாளில் வால்வெள்ளிகள் வந்து சேர்வது 390 கோடி வருடத்துக்கு முன். விருந்து முடிந்து ஐம்பது கோடி வருடம் கழித்துச் சமையல்காரர் வருகிறார்.

விளைவு

ஒக்டோபரில் மூவரும் மாற்றிய தலைப்போடு போனார்கள்: “கடல் வால்வெள்ளியிலிருந்து வந்ததா?” அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரையின் சத்தத்தில் பின்வரிசைக்குப் பேச்சுக் கேட்கவில்லை. பாலும் தேயிலைத் தூளும் மேசையில் இருந்தன. பால்மானியைப் பார்க்கச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கூடினார்கள்.

நடுவர் ஒருவர் கேட்டார்: “சரி, இறுதியில் கடல் எங்கிருந்து வந்தது?” மாணவன் சொன்னான்: “பெரும்பகுதி பூமியைக் கட்டிய கற்களிலிருந்தே வந்திருக்கலாம், சிறுகோள்கள் ஒரு பங்கு தந்திருக்கலாம், வால்வெள்ளியின் பங்கு சிறியது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.” நடுவர் எழுதிய குறிப்பு பின்னர் கைக்கு வந்தது: “முடிவு தெளிவில்லை.” இடம் எதுவும் கிடைக்கவில்லை. புகைவிடும் எரிமலை மாதிரியுரு முதலிடம் பெற்றது. திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. எனக்கும் கோபம்தான், ஆனால் பிறகு யோசித்தபோது நடுவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிந்தது. எந்தக் கூற்று எவ்வளவு உறுதி என்று படிப்படியாகச் சொல்ல அவர்களை நான் பழக்கவில்லை. இரண்டு “கலாம்” போட்டு ஒரு “முடியாது” சேர்த்தால் கேட்பவருக்கு எல்லாம் ஒரே அளவு சந்தேகமாகத்தான் கேட்கும்.

கதை அதோடு முடியவில்லை. 2024 நவம்பரில் ரொசெட்டாவின் பழைய அளவீடுகளை மீண்டும் ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளிவந்தது. 67பியின் கருவுக்கு அருகே பறக்கும் தூசித் துணிக்கைகளில் பார ஐதரசன் நிறைந்த நீர் ஒட்டிக்கொள்கிறது. அது அளவீட்டை உயர்த்திக் காட்டியிருக்கிறது. கருவிலிருந்து விலகிய, தூசியின் பாதிப்பு அற்ற இடத்து அளவீடுகளை எடுத்தால் விகிதம் கடலுக்கு அருகே இறங்குகிறது என்பது அதன் முடிவு. நான் வகுப்பில் 530ஐக் கல்லில் வெட்டிய எழுத்தைப்போல் பயன்படுத்தியிருந்தேன். “67பி வந்தபிறகு இந்தப் பேச்சே முடிந்தது” என்று ஒரு தரம் சொன்னதும் நினைவிருக்கிறது. கலவைக் கணக்கு இரண்டிலும் அந்த 530 உட்கார்ந்திருக்கிறது.

2025இல் பாடசாலை திறந்ததும் மூவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். மாணவனின் முகம் மலர்ந்தது. “அப்ப நான் முதல்ல சொன்னதுதானே சேர் சரி?”

முதல் மாணவி அவனைப் பார்க்காமலே சொன்னாள்: “மீட்டர்தான் சரியாச்சு. கொழுப்பு மாறல்லையே.” செனனை அவள் சொன்னாள். பிறகு என்னிடம், “அவங்க கேனைக் கலக்காமப் பால் எடுத்திருக்காங்க சேர். மேல மிதந்த ஆடை மட்டும் குழாய்க்குள்ள போயிருக்கு” என்றாள். நிலையத்தில் கலக்கியை ஏன் நாலைந்து தரம் போடுகிறார்கள் என்பதை அவள் அப்போதே எனக்குச் சொல்லியிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தேன், கலக்கும் கையை மட்டும் கவனிக்கவில்லை.

மாணவன் இன்னும் முழுமையாக மனம் மாறவில்லை. 2018இல் அளக்கப்பட்ட விர்ட்டனன் வால்வெள்ளியின் விகிதமும் கடலோடு ஒத்துப்போவதை அவனே தேடிக் கொண்டுவந்தான். ஹார்ட்லி 2, விர்ட்டனன், இப்போது 67பி என்று பொருந்தும் பட்டியல் நீள்கிறது என்கிறான். அது உண்மை. அவன் கட்சி முன்பைவிடப் பலமாகத்தான் இருக்கிறது. செனனுக்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை. இல்லை என்று அவனே ஒத்துக்கொள்கிறான்.

மறுமுறை செய்தால்

கையொப்பம் வைக்குமுன் “மற்றவை எவ்வளவு?” என்ற கேள்வியை நானே கேட்பேன். அதைக் கேட்டவள் மாணவி. கேட்டிராவிட்டால் ஐந்தில் ஒன்றோடு மேடையேறியிருப்போம்.

முடிந்த வழக்கில் பழகவைத்ததை அப்படியே வைத்துக்கொள்வேன். ஃபிராங்கின் கணக்கைப் பிள்ளைகளே பெருக்கிப் பார்த்ததால்தான், ஒத்துப்போகும் எண்ணின் மயக்கம் அவர்களுக்கு உடம்பில் பட்டது. நான் விளக்கியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் மறுபக்கச் சான்றுகளை நான் எடுத்து நீட்டியது அவசரம். சந்திரனில் என்ன தெரியவேண்டும் என்று அவர்களையே முதலில் ஊகிக்க விட்டிருக்கலாம்.

முடிவுரையை ஒரே வாக்கியமாக விடமாட்டேன். நீர் 440 கோடி வருடத்துக்கு முன்பே இருந்தது என்பது ஓரளவு உறுதி. பூமியைக் கட்டிய கற்களில் போதிய ஐதரசன் இருந்தது என்பது அளந்து கண்டது. யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பங்குதான் பேச்சில் இருப்பது. இந்த மூன்றையும் மூன்று தட்டில் வைத்துச் சொல்லப் பழக்குவேன். நடுவர் அப்போதும் எரிமலைக்கே பரிசு கொடுக்கலாம்.

இந்த வருடம் வேறு மூவர், வால்வெள்ளிகளின் எண்களைத் தொகுத்த எங்கள் அட்டவணையை எடுத்திருக்கிறார்கள். பெயர், வருடம், அளந்த கருவி, பார ஐதரசன் என்று நான்கு நிரல் இருந்தது. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்: “மாதிரி எங்கே, எப்படி எடுத்தது?” அதன் தலைப்பைப் பிள்ளைகள் சுருக்கி “கலக்கியதா?” என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஹாலிக்கு எதிரே அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.